வெண்ணெயில் பொரியும் ஃப்ரிகடெல்லர்: டென்மார்க் வீட்டுச் சமையலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கில் இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு குடியிருப்பின் மாடிப்படியில் ஏறினால், ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வெண்ணெயும் இறைச்சியும் சேர்ந்து பொரியும் வாசனை வரும். அது அநேகமாக ஃப்ரிகடெல்லர்தான். கொத்துக்கறியில் வெங்காயம், முட்டை, மாவு, பால் சேர்த்து, கரண்டியால் முட்டை வடிவத்தில் எடுத்து, வெண்ணெயில் பொரிக்கும் பண்டம் இது. வார நாளில் உருளைக்கிழங்கும் குழம்பும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸ் மதிய விருந்திலும் இதற்கு இடம் உண்டு. மீந்துபோனது மறுநாள் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டு டப்பாவுக்குப் போகும்.

மீட்பால் என்றதும் பலருக்கு ஸ்வீடனின் சின்ன உருண்டைகள்தான் நினைவுக்கு வரும். டென்மார்க்கின் பண்டம் அதிலிருந்து நிறையவே வேறுபட்டது. அளவில் பெரியது, கொஞ்சம் தட்டையானது, உள்ளே மிருதுவாகவும் ஈரமாகவும் இருக்கும். மேலே மொறுமொறுப்பான பழுப்புத் தோல் இருக்கும். மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும் மட்டுமே. சில வீடுகளில் ஒரு சிட்டிகை ஆல்ஸ்பைஸ் என்ற வாசனைப் பொருளோ ஜாதிக்காயோ சேர்ப்பார்கள். இஞ்சி பூண்டு விழுதோ, கரம் மசாலாவோ, பச்சை மிளகாயோ சேர்த்தால் அதுவும் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டமாகிவிடும். முதல் தடவையாவது எதுவும் சேர்க்காமல் செய்து பாருங்கள். இதில் செய்பவரின் கைப்பக்குவம் முழுக்கக் கலவையின் பதத்திலும் அடுப்பின் சூட்டிலும்தான் தெரியும். அதனால் அந்த இரண்டையும் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இதில் ஏன் பன்றிக்கறியும் பாலும் வெண்ணெயும்?

மூன்றும் ஒரே வரலாற்றிலிருந்து வந்தவை. 1870களிலும் 80களிலும் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டென்மார்க் விவசாயிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை, மாடும் பன்றியும் வளர்க்கத் தொடங்கினார்கள். 1882இல் டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்துப் பகுதியில் யெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. 1887இல் ஹோர்சன்ஸ் நகரில் பன்றி இறைச்சிக்கான முதல் கூட்டுறவு ஆலை வந்தது. பாலிலிருந்து வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கொழுப்பு நீக்கிய பாலை விவசாயிகளே திரும்ப வாங்கிக்கொண்டு போய்ப் பன்றிகளுக்குத் தீவனமாகக் கொடுத்தார்கள். இப்படி ஒரே பண்ணையிலிருந்து வெண்ணெயும் பன்றிக்கறியும் சேர்ந்து கிடைத்தன. அதே காலத்தில் வீடுகளுக்கு இரும்பு அடுப்பும் கையால் சுற்றும் கறி அரைக்கும் இயந்திரமும் வந்து சேர்ந்தன. கத்தியால் கொத்திக் கொத்திக் கைமா செய்யும் சிரமம் போனதும், ஃப்ரிகடெல்லர் சாதாரண வீடுகளில் வாரம்தோறும் செய்யும் பண்டமாகிவிட்டது. இன்றும் அந்த நாட்டில் மனிதர்களைவிடப் பன்றிகளின் எண்ணிக்கைதான் அதிகம்.

ஊரே கொண்டாடும் பண்டமானதால் அரசியலிலும் இது அடிபட்டது. நகராட்சி நடத்தும் மழலையர் பள்ளிகளில் பன்றிக்கறி பரிமாறுவதைப் பற்றிப் பல ஆண்டுகள் காரசாரமாக விவாதம் நடந்தது. 2016இல் ராண்டர்ஸ் நகர மன்றம், பொது நிறுவனங்களின் உணவில் பன்றிக்கறியும் இருக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டது. பன்றியைச் சாப்பிடாதவர்களுக்கும் இதைச் செய்ய அருமையான வழி இருக்கிறது என்பதால், அந்தச் சண்டை தேவையில்லாதது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த வழிக்குப் பின்னால் வருகிறேன்.

கறி வாங்குவது

டென்மார்க் கடைகளில் பன்றிக்கறியும் கன்றுக்கறியும் பாதிக்குப் பாதி கலந்த கொத்துக்கறி இதற்கென்றே பாக்கெட்டில் கிடைக்கும். பன்றி கொழுப்பையும் மென்மையையும் தரும், கன்று கொஞ்சம் உறுதியைத் தரும். தனிப் பன்றிக்கறியிலும் நன்றாகவே வரும், அங்கேயே நிறைய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கொழுப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கு, பன்னிரண்டு பங்கு இருந்தால் சரியாக இருக்கும். 'கொழுப்பே வேண்டாம், நல்ல கறியாகக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கினால் ஃப்ரிகடெல்லர் வறண்டு, கடினமாகிவிடும். கறிக்கடையில் உங்கள் கண் முன்னால் அரைத்துத் தரச் சொல்லுங்கள். முன்தொடையும் கொஞ்சம் வயிற்றுக் கறியும் சேர்த்தால் போதும். நைசாக, முடிந்தால் இரண்டு தடவை அரைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கறி சில்லென்று இருந்தால்தான் கலக்கும்போது கொழுப்பு உருகிப் பிரியாது. நம் ஊர் வெயிலில் இதை மறக்கவே கூடாது.

நான்கு பேருக்கு வேண்டியவை

கொத்துக்கறி 500 கிராம்
தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன் (சுமார் 9 கிராம்)
பெரிய வெங்காயம் 1 (தோல் நீக்கி 100 கிராம்)
முட்டை 1
மைதா 4 டேபிள்ஸ்பூன்
பால் 125 முதல் 150 மில்லி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது
புதிதாகப் பொடித்த மிளகு அரை டீஸ்பூன்
பொரிக்க வெண்ணெய் 40 கிராம், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்

மைதாவுக்குப் பதில் ரொட்டித்தூளோ ஓட்ஸோ போடும் வீடுகளும் உண்டு. மைதா வழுவழுப்பாக ஒட்டிப் பிடிக்கும். ரொட்டித்தூள் கொஞ்சம் உறுதியாக்கும். ஓட்ஸ் நிறைய ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மறுநாள்கூட மிருதுவாக இருக்கும், ஆனால் அது ஊறக் கூடுதல் நேரம் வேண்டும். முதல் முறை செய்பவர்களுக்கு மைதாதான் நல்லது, அதில் பதம் சுலபமாகப் பிடிபடும்.

கலவை: பாதி வேலை இங்கேதான்

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பிசைந்துவிட வேண்டாம். முதலில் கொத்துக்கறியில் உப்பை மட்டும் போட்டு, மரக்கரண்டியால் ஒரே திசையில் மூன்று நான்கு நிமிடம் அழுத்திக் கிளறுங்கள். உதிரி உதிரியாக இருந்த கறி மெல்ல மெல்லப் பசையாகி, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டத் தொடங்கும். கரண்டியைத் தூக்கினால் கறியும் சேர்ந்து இழுபடும். உப்பு இறைச்சியிலுள்ள ஒரு வகைப் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவதால் இப்படி ஆகிறது. அந்தப் பசைதான் பின்னால் ஊற்றப்போகும் பாலைப் பிடித்து வைக்கிறது. பாலையும் மாவையும் முதலிலேயே சேர்த்துவிட்டால் உப்பு நீர்த்துப்போய் இந்தப் பசை சரியாகவே வராது. பொரிக்கும்போது தண்ணீர் வெளியேறும், ஃப்ரிகடெல்லர் உடையும்.

அடுத்தது வெங்காயம். இதை நறுக்கக் கூடாது, துருவ வேண்டும். தேங்காய்த் துருவியைவிடக் காய் துருவும் பலகையின் சின்னக் கண்கள்தான் தோது. துருவிய வெங்காயம் சாற்றோடு கலவைக்குள் கலந்து மறைந்துவிடும். நறுக்கிய துண்டுகளோ மேல்பக்கம் துருத்திக்கொண்டு கருகும், வேகாமல் நறுக் நறுக்கென்று பல்லில் படும். சாற்றைப் பிழிந்துவிடாமல் அப்படியே சேருங்கள். நம் சின்ன வெங்காயம் இதற்கு ஒத்துவராது, அதன் காரம் தூக்கலாகத் தெரியும்.

வெங்காயமும் முட்டையும் மிளகும் சேர்த்துக் கலந்தபின் மைதாவைத் தூவிக் கிளறுங்கள். அப்புறம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தவணையில் ஊற்ற வேண்டும். ஒரு தவணை ஊற்றிய பால் முழுவதும் உள்ளே போனபிறகுதான் அடுத்தது. கடைசி தவணையை ஊற்றும் முன் பதத்தைப் பாருங்கள், வெங்காயத்தில் சாறு அதிகமிருந்தால் அது தேவைப்படாது. முடிவில் கலவை வடை மாவைவிடத் தளர்வாகவும் இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கையில் உருட்ட வராது, கரண்டியில் எடுத்தால் மட்டும் நிற்கும். பலரும் இங்கே பயந்து இன்னும் இரண்டு கரண்டி மாவு போட்டுவிடுவார்கள். போடாதீர்கள், இந்தத் தளர்ச்சியில்தான் அதன் மென்மையே இருக்கிறது.

பாலில் பாதிக்குப் பதில் சோடா ஊற்றும் வழக்கமும் டென்மார்க்கில் பரவலாக உண்டு. சுவை சேர்க்காத, வெறும் வாயு ஏற்றிய தண்ணீர். கலவை லேசாகும் என்பார்கள். அப்படிச் செய்ய விரும்பினால் சோடாவைக் கடைசியாக, பொரிப்பதற்குச் சற்று முன்னால் சேருங்கள். முன்னமே ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வாயு போய்விடும். எனக்கு முழுக்கப் பால் ஊற்றியதுதான் பிடிக்கும். பாலிலுள்ள சர்க்கரையால் மேல்தோல் நன்றாகச் சிவக்கிறது, சுவையும் திடமாக இருக்கிறது.

பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். மாவு பாலைக் குடித்துக் கலவை இறுகும். அவசரமென்று இதை விட்டுவிட்டால் வாணலியில் வடிவம் நிற்காது. அதற்காக இரவெல்லாம் வைக்கவும் வேண்டாம், பச்சை வெங்காயத்தின் வாடை ஏறிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் முட்டைக்கோஸையும் வெள்ளரியையும் கவனித்துக்கொள்ளலாம்.

தொட்டுக்கொள்ள: முட்டைக்கோஸும் வெள்ளரியும்

ரோட்கோல் என்பது புளிப்பும் இனிப்புமாக வேகவைத்த ஊதா முட்டைக்கோஸ். கிறிஸ்துமஸ் சமயத்தில் இது இல்லாத மேசையே இருக்காது. முக்கால் கிலோ முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் லேசாக வதக்குங்கள். உடனே 100 மில்லி வினிகர், கால் டம்ளர் தண்ணீர், 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு சேர்த்து மூடி, சிறுதீயில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். வினிகரை ஆரம்பத்திலேயே ஊற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கோஸின் நிறம் புளிப்பில் சிவப்பாக நிற்கும், புளிப்பு இல்லாமல் வெந்தால் நீலம் பாய்ந்து மங்கிவிடும். அங்கே இறக்கும் முன் ரெட்கரண்ட் என்ற புளிப்பான சிவப்புப் பழத்தின் ஜெல்லி ஒரு கரண்டி சேர்ப்பார்கள். கிடைக்காவிட்டால் கறுப்புத் திராட்சைச் சாறு கொஞ்சம் ஊற்றுங்கள், நன்றாகவே பொருந்தும். முதல்நாளே செய்து வைத்தால் சுவை இன்னும் கூடும்.

கோடையில் கோஸுக்குப் பதில் வெள்ளரி. ஒரு பெரிய வெள்ளரிக்காயைக் கண்ணாடி போல மெல்லிய வில்லைகளாக்கி, உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழியுங்கள். வினிகர், தண்ணீர் தலா 100 மில்லி, சர்க்கரை 80 கிராம், கொஞ்சம் மிளகு கலந்து அதில் ஊறவிடுங்கள். அரை மணியில் தயார். இரண்டில் ஏதாவது ஒன்றாவது கட்டாயம் வேண்டும் என்பேன். வெண்ணெயும் கொழுப்புமான சாப்பாட்டுக்கு நடுவே புளிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது துண்டிலேயே திகட்டிவிடும்.

பொரிப்பது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் முதலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் பொரித்து ருசி பாருங்கள். பச்சையாகப் பன்றிக்கறிக் கலவையை நாக்கில் வைக்கக் கூடாது என்பதால் உப்பைத் தெரிந்துகொள்ள இதுதான் வழி. குறைந்தால் இப்போதே சேர்க்கலாம்.

அடிகனமான, அகலமான பான் எடுங்கள், இரும்பானால் மிகச் சிறப்பு. நடுத்தரச் சூட்டில் எண்ணெயும் பாதி வெண்ணெயும் போடுங்கள். வெண்ணெய் உருகி நுரைக்கும். அந்த நுரை அடங்கி, வெண்ணெய் பழுப்பாகத் தொடங்கி, வாசனை வரும் நேரம்தான் சரியான நேரம். நுரைத்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் பான் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், அடியில் ஒட்டும். புகை வந்துவிட்டால் தாமதம், வெண்ணெய் கருகிக் கசக்கும். நெய் எளிதில் கருகாதுதான், அதிலும் பொரிக்கலாம். ஆனால் வெண்ணெயிலுள்ள பால்சத்து சிவந்து மேல்தோலில் ஒட்டுவதால் வரும் சுவை நெய்யில் அப்படியே வராது. டென்மார்க்கிலும் மலிவு என்பதால் வெண்ணெய்க்குப் பதிலான மார்ஜரினில் பொரித்த காலம் ஒன்று இருந்தது. பழைய மார்ஜரினில் இருந்த, உடலுக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2003இல் சட்டம் போட்டு உச்சவரம்பு வைத்த முதல் நாடும் அதுதான்.

ஒரு டேபிள்ஸ்பூனை உருகிய வெண்ணெயில் நனைத்துக்கொள்ளுங்கள். கலவையில் ஒரு கரண்டி, சுமார் 50 கிராம், எடுத்து, ஈரமான உள்ளங்கையில் அழுத்தித் திருப்பி முட்டை வடிவமாக்கி, பானில் வழுக்கி விடுங்கள். அடுத்ததற்கு முன் கரண்டியை மறுபடி வெண்ணெயில் நனைக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டாது. ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் இருக்கட்டும், அந்த இடங்கள்தான் நன்றாக மொறுமொறுக்கும். இந்த அளவுக்குப் பதினாறு வரை வரும், எல்லாவற்றையும் ஒரே ஈடாகப் போட்டு நெருக்காதீர்கள். நெருக்கினால் பானின் சூடு இறங்கி, பொரிவதற்குப் பதில் நீர் விட்டு வேகும்.

போட்டதும் கை வைக்காமல் விடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் சிவந்து தானாகவே பானிலிருந்து விடுபடும், அப்போது திருப்பி மேலே லேசாக ஒரு அழுத்து அழுத்துங்கள். மறுபக்கமும் அதே நேரம், மீதி வெண்ணெயை அப்போது சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் தீயைக் குறைத்து, இருபக்கமும் இன்னொரு முறை திருப்பி விடுங்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

வெந்ததா என்று தெரிந்துகொள்ள, வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 75 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெரியதாக ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, சாறு தெளிவாக வர வேண்டும். கொத்துக்கறியில், அதிலும் பன்றியில், அரைவேக்காடு என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால், 180 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வையுங்கள், அல்லது பானை மூடிச் சிறுதீயில் விடுங்கள். மூடினால் மேல்தோல் கொஞ்சம் நமத்துப்போகும், பரவாயில்லை.

பழுப்புக் குழம்பும் உருளைக்கிழங்கும்

சின்ன உருளைக்கிழங்கை உப்புத் தண்ணீரில் தோலோடு வேகவைத்து உரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம்.

ஃப்ரிகடெல்லரை எடுத்த பானைக் கழுவாமல், அதில் 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் மைதா போட்டுப் பொன்னிறமாக வறுங்கள். கிழங்கு வெந்த தண்ணீர் பாதி, எலும்பு சூப்போ காய்கறி சூப்போ பாதி என்று மொத்தம் 400 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி விழாமல் கலக்குங்கள். அடியில் ஒட்டிய பழுப்பை எல்லாம் சுரண்டிச் சேருங்கள், ருசி அதில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் கொதித்ததும் 50 மில்லி கிரீம், மிளகு சேர்த்து, உப்பு பார்த்து இறக்குங்கள், கிழங்குத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும். அங்கே கருகிய சர்க்கரையில் செய்த நிறமூட்டித் திரவம் சில துளி விடுவார்கள். சோயா சாஸ் அரை டீஸ்பூன் விட்டாலும் அந்த நிறம் வரும். பானில் வெண்ணெய் கறுத்திருந்தால் மட்டும் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கசப்பு வந்துவிட்டால் பின்னால் சரிசெய்ய முடியாது.

பன்றியோ மாடோ வேண்டாமென்றால்

கோழித் தொடைக்கறியைத் தோலோடு அரைத்து இதே முறையில் செய்யுங்கள். நெஞ்சுக்கறி மட்டும் என்றால் வறளும், அதற்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயை உருக்கி ஆறவைத்துக் கலவையில் சேர்க்க வேண்டும். கோழி சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் பாலை 100 மில்லியோடு நிறுத்துங்கள். ஆட்டுக்கறியிலும் வரும், வாசனை மட்டும் மாறும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்று மீன்தான். டென்மார்க்கின் துறைமுக மீன்கடைகளில் மீன் ஃப்ரிகடெல்லரைச் சுடச்சுடப் பொரித்து, ரெமூலாட் என்னும் மஞ்சள் நிற ஊறுகாய் மயோனீஸும் எலுமிச்சையும் வைத்துத் தருவார்கள். முள்ளில்லாத வெள்ளைச் சதை மீன் 500 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், கொடுவா நன்றாக இருக்கும். மிக்ஸியில் உப்போடு சில சுற்று மட்டும் ஓட்டி, முட்டை, 3 டேபிள்ஸ்பூன் மைதா, 100 மில்லி கிரீம், கொஞ்சம் சோயிக்கீரை (டில்) சேர்த்தால் போதும். இதற்கு வெங்காயத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதே இறைச்சிக் கலவையைப் பொரிக்காமல் சின்ன உருண்டைகளாகக் கொதிநீரில் வேகவைத்து, காரம் குறைந்த கறித்தூளும் ஆப்பிளும் கிரீமும் போட்ட குழம்பில் சேர்த்துச் சோற்றோடு சாப்பிடுவதும் டென்மார்க்கில் பழைய வழக்கம். பிள்ளைகளுக்கு அது உயிர்.

மீந்தால்

மிஞ்சும்படியாகவே செய்யுங்கள். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும், ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். டென்மார்க்கில் மறுநாள் இதைச் சூடாக்காமல்தான் சாப்பிடுவார்கள். கறுப்பு ரை ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஃப்ரிகடெல்லரை நீளவாக்கில் வில்லைகளாக அடுக்கி, மேலே ரோட்கோலோ வெள்ளரியோ வைப்பார்கள். ரை ரொட்டி கிடைக்காத ஊரில் முழுக்கோதுமை ரொட்டியைக் கொஞ்சம் தடிமனாக வெட்டி வாட்டிக்கொள்ளலாம். சூடுபடுத்தியே ஆக வேண்டுமென்றால் மைக்ரோவேவ் வேண்டாம். பானில் துளி வெண்ணெய் விட்டு, சிறுதீயில் மூடிவைத்து, கடைசி ஒரு நிமிடம் மூடியை எடுத்துவிடுங்கள்.